எல்லைக்கு அங்கால

நான் பிளேன்ரீக்குச் சீனி போடுறதில்லை. நீங்கள் போட்டுத் தந்திட்டியள், குடிச்சிட்டன், குறை சொல்லேல்லை. கதிரையும் தந்து இருத்தியிருக்கிறியள். இந்த அறைக்கு யன்னல் ஒண்டு இருந்திருந்தால் நல்லாயிருக்கும். கதவைச் சாத்தினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். பரவாயில்லை தம்பி, கேளுங்கோ, சொல்லுறன்.

என்ர பேர் அப்புத்துரை. பிறந்தது வடமராட்சிப் பக்கம். இரணைமடுத் தண்ணி பாயிற குடியேற்றத்தில அப்பருக்கு வயலும் மேட்டுக்காணியும் குடுத்தவை. காடு வெட்டி, கட்டை பிடுங்கி, அவர் இருமி இருமி உண்டாக்கின மண் அது. அந்த மேட்டுக்காணியிலதான் எங்கட வீடு.

தொண்ணூற்றாறில ஆமி வர, கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடினதுதான். நாங்கள் மல்லாவிப் பக்கம் ஒருத்தரின்ர வளவுக்குள்ள தறப்பாள் கட்டி இருந்தம். வளவுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருநாள் மண்வெட்டியால நிலத்தில ஒரு கோடு இழுத்து, "உங்கட ஆக்கள் இதுக்கு இஞ்சால வரப்படாது" எண்டு சொல்லிப்போட்டார். எங்கட அடுப்பு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டது. என்ர மனுசி விமலேஸ்வரி மழைக்குள்ள அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். என்ர காணிக்குத் திரும்பிப் போனால் அதில ஒரு சாணும் ஒருத்தருக்கும் விடுறதில்லை எண்டு அண்டைக்குத்தான் நினைச்சனான். அது பிழையான நினைப்பு எண்டு நீங்களும் சொல்லமாட்டியள்.

ஆமி போனாப்பிறகு திரும்பி வந்தம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை. வேலிக் கதியாலெல்லாம் தறிச்சுப் பங்கருக்குப் போட்டிட்டாங்கள். எது ஆரின்ர காணி எண்டே தெரியேல்லை. எனக்குப் பின்காணி முந்திச் செல்வராசா எண்டவரின்ர. அவர் வெளிநாடு போகேக்க மத்தேயுவுக்கு வித்தவர். மத்தேயு முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், யேசுவைக் கும்பிடுற வேதக்காரர். கடலுக்குப் போக ஏலாமல் போக, குளத்தில வலை போடுவம் எண்டு இஞ்ச வந்தவர். மனுசி புனிதம். ஒரே பிள்ளை, யதுசா. எங்களுக்கு முதலே வந்து மண்சுவர் வைச்சு, தகரம் போட்டு, வீடெண்டு ஒண்டைக் கட்டியிருந்தினம். நல்ல சனம். குளத்து மீன் கொண்டுவந்து தருவினம். எங்கட கிணத்திலதான் புனிதமும் தண்ணி அள்ளுறவா.

ஆனால் அவை சமைக்கிற குசினி என்ர பக்கம் வந்திட்டுது எண்டு எனக்குப் பட்டது. நான் சண்டைக்காரன் இல்லை. முறையாய்ச் செய்வம் எண்டு சேவேயரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். கதிர்காமநாதன் எண்டு, இளைப்பாறின மனிசன். வெயிலுக்குள்ள சங்கிலி இழுத்து, அங்கயும் இஞ்சயும் தடி நட்டு, கடைசியில பத்தைக்குள்ள மண்ணைக் கிண்டி ஒரு எல்லைக்கல்லை எடுத்துக் காட்டினார். அதைக் கண்டதும் எனக்குச் செத்துப்போன அப்பரைக் கண்டமாதிரி இருந்தது.

"குசினியில பாதி உங்கட காணிக்குள்ளதான்" எண்டார். பிறகு வரைபடத்தை விரிச்சுக் கொஞ்சநேரம் பாத்தார். "அவை றோட்டுக்கு வந்து போற ஒழுங்கையும் உங்கடதுதான், அப்புத்துரை. அவைக்குப் பாதை வாய்க்கால் கட்டால விட்டிருக்கு. ஆமி அந்தக் கரைக்கட்டை இடிச்சுப்போட்டான். நீங்கள் ஒழுங்கையை விட்டுக்குடுத்து ஒரு கையெழுத்து வைச்சால் பிரச்சினை முடிஞ்சுது."

"நீங்கள் அளக்கத்தானே வந்தனீங்கள்" எண்டன். அவர் வரைபடத்தைச் சுருட்டிக் கட்டினார்.

அண்டு பின்னேரம் மத்தேயு வந்து படலைக்கு வெளியில நிண்டார். உள்ள வரச்சொல்லியும் வரேல்லை.

"அண்ணை, குசினியை நாளைக்கே உடைக்கிறன். ஒழுங்கையை மட்டும் விடுங்கோ. நாங்கள் எதால போறது?"

"யோசிப்பம்" எண்டன்.

சொன்னமாதிரி உடைச்சார். புனிதம் வெளியில கல்லு வைச்சுச் சமைச்சா. சுவர் முழுக்க விழுந்தாப்பிறகு நான் ஒழுங்கைக்குக் குறுக்கால முள்ளுக்கம்பி அடிச்சன். யோசிச்சுத்தான் அடிச்சனான்.

அந்த இடத்தை ஒருக்கா விளங்கிக்கொள்ளுங்கோ. அவைக்கு முன்னுக்கும் ஒரு பக்கத்துக்கும் நான். மற்றப் பக்கம் பெரிய வாய்க்கால். பின்னால ஆமி கட்டின மண் அணை, அதைச் சுத்தி மிதிவெடி. வெடி எடுக்கிற ஆக்கள் வந்து, ஒரு மாட்டுவண்டில் போற அகலத்துக்கு மட்டும் துப்புரவாக்கி, ரெண்டு பக்கமும் மண்டையோடு கீறின சிவப்புப் பலகையள் நட்டிட்டுப் போனவை. பலகையளுக்கு நடுவால நடந்தால் ஒண்டும் இல்லை, கோயில் றோட்டில ஏறலாம். புனிதத்துக்கு அந்தப் பக்கம் போகவே பயம். வாய்க்கால் காய்ஞ்சு கிடந்ததால அதுக்குள்ள இறங்கி ஏறித்தான் போய்வந்தவை.

விமலேஸ்வரி, "இஞ்சருங்கோ, அதுகளை ஆட்டை அடைச்சமாதிரி அடைச்சுப்போட்டியள்" எண்டா.

"நான் அவையை அடைக்கேல்லை. என்ர காணியைத்தான் அடைச்சனான்" எண்டன்.

அதோட அவா என்னோட கதைக்கிறதை விட்டிட்டா. சோத்தைப் போட்டு மூடி வைச்சிட்டுப் போவா. கம்பிக்கு மேலால புனிதத்துக்கு வாளியில தண்ணி குடுப்பா. அதை நான் தடுக்கேல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.

அவை எழும்பிப் போயிருக்கலாம். எத்தினை இடத்தில இருந்து எழும்பின சனம், இன்னொரு தரம் எழும்புறது பெரிய காரியமோ? போகேல்லை. பொழுதுபட்டால் அந்தப் பிள்ளை கம்பிக்கு அங்கால இருந்து சத்தம்போட்டுப் பாடம் படிக்கும். நான் எந்தப் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டாலும் ஆரோ என்னைப் பாக்கினம் எண்டு இருக்கும். சனம் என்ர படலையைத் தாண்டேக்க கதையை நிப்பாட்டும். என்ர வளவுக்குள்ள நான்தான் அடைபட்டுப்போனன், தம்பி. இதை ஒருத்தரும் நினைச்சுப் பாக்கேல்லை.

பிறகு சிறுபோக விதைப்புக்கு வாய்க்காலில தண்ணி திறக்கப்போகினம் எண்டு கமக்காரர் கூட்டத்தில சொல்லிச்சினம். நானும் அதில இருந்தனான். தண்ணி வந்தால் அவைக்குப் பின்பாதை ஒண்டுதான் வழி எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பாதை என்ர காணியின்ர பின்மூலையை வெட்டிக்கொண்டு போகுது. ஒரு பக்கத்துப் பலகையள் சேவேயரின்ர கோட்டுக்கு இஞ்சால, என்ர நிலத்தில நிண்டது. என்னைக் கேக்காமல் நட்டது. குசினி எண்டால் என்ன, பலகை எண்டால் என்ன, என்ர எல்லைக்குள்ள வந்தால் ஒண்டுதான். பிடுங்கினன். ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால சாத்தி வைச்சன். ஒளிக்கேல்லை, நீங்கள் வந்த உடன கண்டனீங்கள்தானே.

தண்ணி வந்தது. வாய்க்கால் ரெண்டு கரையும் முட்டி ஓடிச்சுது. மழைக்குப் புல்லும் நல்லா எழும்பியிருந்தது. மத்தேயு தண்ணி வர முதலே குளத்துக்குப் போயிருந்தார். விமலேஸ்வரி சந்தைக்கு. நான் வாசலில கதிரையைப் போட்டு இருந்தனான். புனிதம் பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு கம்பியடிக்கு வந்தா.

"அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாய்க் கொதிக்குது. கம்பியை ஒருக்காத் தூக்கி விடுங்கோ, ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடவேணும்."

"பின்னால பாதை இருக்குத்தானே, புனிதம்" எண்டன்.

அவா போனா. கொஞ்சநேரத்தில சத்தம் கேட்டது. காகம் எல்லாம் எழும்பிச்சுது. நான் எழும்பேல்லை. நடந்தது என்ர காணியில இல்லை.

விமலேஸ்வரி சந்தையால வந்தவா, பையைப் போட்டிட்டு வெறுங்கையால கம்பியைப் பிடிச்சு இழுத்தா. கையெல்லாம் ரத்தம். ஊராக்கள் வந்து மிச்சத்தை வெட்டிவிட்டினம். அந்த ஒழுங்கையாலதான் பிள்ளையையும் புனிதத்தின்ர சவத்தையும் கொண்டு போனவை. மத்தேயு வந்து நிண்டார். என்னைப் பாத்தார். பலகையளைப் பற்றி உங்களுக்குச் சொன்னது என்ர மனுசிதான் எண்டு எனக்குத் தெரியும். கோவம் இல்லை. பிள்ளை தப்பியிட்டுது, ஒரு கால்தான் இல்லை எண்டு நீங்கள் காலமை சொன்னியள். உயிர் இருக்குத்தானே, அது போதும்.

மற்றப் பக்கத்துப் பலகையளைக் கேக்கிறியள். வரைபடம் உங்களிட்டயும் இருக்கு, பாத்திருப்பியள். ஓம், அது என்ர காணி இல்லை. கோட்டுக்கு அங்கால. அதையும் நான்தான் பிடுங்கினனான், தண்ணி வந்த அண்டு. ஒரு பக்கத்துப் பலகை நிண்டால் புனிதம் அதைப் பிடிச்சுக்கொண்டு நடந்திடுவா எண்டு நினைச்சன். எந்தப் பலகைக்கு எந்தப் பக்கம் கால் வைக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். வெடி எடுக்கேக்க நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்.

இன்னொண்டு. முதல் சொல்லேல்லை. நீங்கள் கேக்கேல்லை, அதால சொல்லேல்லை. புனிதம் உடன போகேல்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "பலகையளைக் காணேல்லை அண்ணை, வெடியெல்லாம் எடுத்துப்போட்டினமோ?" எண்டு கேட்டவா. நான் ஓம் எண்டன்.

"பெரிய உபகாரம் அண்ணை, இல்லாட்டிப் பயந்துகொண்டு நிண்டிருப்பன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவா.