தொரை இழுத்துட்டு வந்த வீடு

இல்ல, உள்ள எல்லாம் வரமாட்டேன். நாய் உள்ள ஓடிடுச்சுன்னா நானும் பின்னாடியே வந்துடணுமா? அத மட்டும் புடிச்சு வெளிய அனுப்பு, நான் என் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன். கேட்ட எதுக்கு இவ்ளோ அகலமாத் திறக்கற, யானையா வருது?

அத்தைன்னெல்லாம் கூப்பிடாத. யாருக்கு யாரு அத்தை? என் பொண்ணுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுன்னுதானே உன்கிட்ட அனுப்பினோம்? பக்கத்து சீட்டுல உக்காந்து சொல்லிக் குடுத்தே. அவளும் நல்லாக் கத்துக்கிட்டு நேரா உன் வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டா. அன்னிக்கு நீ வாத்தியாரு. இன்னிக்கும் வாத்தியாராவே இரு. வாத்தியாரே, நாயப் புடிச்சுக் குடு.

நான் ஒண்ணும் உன்னத் தேடிட்டு வரல. இது உன் வீடுன்னு நீ கதவத் திறந்துட்டு வந்து நின்னப்பத்தான் எனக்கே தெரியும். தெரிஞ்சிருந்தா இந்தத் தெருவுலயே கால் வச்சிருக்கமாட்டேன். எல்லாம் இந்தத் தொரையோட வேலை. ஆமா, தொரைதான் அதோட பேரு. நான் சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டியே, உனக்கு எப்படித் தெரியும்? ம்? வாசல்லயே படுத்துக் கிடக்குதே, பக்கத்து ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டுக் கூட்டிட்டு வந்துடலாம்னு கிளம்பினேன். ரயில்வே கேட்டத் தாண்டி, மார்க்கெட்டத் தாண்டி, தரதரன்னு இழுத்துட்டு வருது. நான் நாயக் கூட்டிட்டுப் போறேனா, நாய் என்னக் கூட்டிட்டுப் போகுதான்னு ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு சிரிக்கறான். இந்தா பாரு, உள்ளங்கையில வார் அறுத்த தடம்.

மாமா வரலையாவா? நல்லா இருக்கே கதை. அவரு எதுக்கு இங்க வரணும்?

என்னது? தினமுமா? யாரு, எங்க வீட்டுக்காரரா? வாத்தியாரே, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லு. உன் பேச்ச எடுத்தாலே சாப்பிடற தட்ட நகத்தி வச்சுட்டு எந்திரிச்சுப் போற மனுஷன் அவரு. அவரு இங்க வந்தாராம், இந்த நாற்காலியில உக்காந்தாராம். நான் என்ன நேத்துப் பொறந்தவளா?

சரி சரி, அந்த நாற்காலிய இப்படி வாசல் ஓரமாப் போடு. உள்ள வரேன்னு அர்த்தம் இல்ல. முட்டி வலிக்குது, அவ்ளோதான். தண்ணி வேணாம். வேணாம்னா வேணாம். உன் வீட்டுத் தண்ணி எனக்கு இறங்காது.

காலைல அவரு நாயக் கூட்டிட்டு மைதானத்துக்குப் போவாரு. மழையோ வெயிலோ ஒரு நாள் விடமாட்டாரு. இந்த வயசுலயும் எங்க வீட்டுக்காரரு எவ்ளோ நடக்கறாரு தெரியுமான்னு நானும் தெரு பூராச் சொல்லிப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நடந்துட்டு வந்தவரு வார ஆணியில மாட்டிட்டு பேப்பர விரிச்சா அதோட அவரு கடமை முடிஞ்சது. அப்புறம் யாரு பாக்கறது? நாய் வளக்கறதுன்னா உனக்கு என்னன்னு தெரியுமா? உனக்கு எங்க தெரியும், வந்து வாலாட்டிட்டுப் போற நாயத்தானே நீ பாத்திருக்க. முடி கொட்டுது பாரு, அது சோறு, தலகாணி, அவரு மூக்குக் கண்ணாடி எல்லாத்துலயும் இருக்கும். உண்ணி புடுங்க உக்காந்தா என் கண்ணே போயிடும். பூச்சி மாத்திரைய முட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக் குடுத்தா, தொரை முட்டையத் தின்னுட்டு மாத்திரையத் தனியாத் துப்பி வைப்பாரு. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும், நானும் கூடவே குனிஞ்சு உக்காந்து தடவிக் குடுக்கணும். குளிப்பாட்டினா அது ஒரு சிலுப்பு சிலுப்பறதுல எனக்கு இன்னொரு குளியல். கொலைச்சா பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவா. கொலைக்கலன்னா இவரு வருவாரு, ஏன் நாய் ஒரு மாதிரி இருக்கு, சோறு போட்டியா இல்லையான்னு. ஒரு கல்யாணம் காட்சின்னா ரெண்டு பேரும் சேந்து போனதே கிடையாது. ஒரு ஆளு நாயோட இருக்கணும். அந்த ஒரு ஆளு யாருன்னு நினைக்கற?

ஏன் ஒரு வாரமா வரலன்னு என்னையவா கேக்கற? உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இனிமே உடம்புக்கு ஒண்ணும் வராது. நீ நாயக் கூப்பிடு முதல்ல. உன் பொண்டாட்டி வர்றதுக்குள்ள நான் கிளம்பணும். ராத்திரி டூட்டியா? ஆஸ்பத்திரியில இன்னும் அந்த ரத்தம் எடுக்கற வேலைதானா? எத்தன மணிக்கு வருவா? வர்ற நேரம்தானா? அப்ப சீக்கிரம் புடி. அவ மூஞ்சியில நான் முழிக்கக்கூடாது.

இரு. அது எதுல தண்ணி குடிக்குது? அந்தக் கிண்ணத்த இப்படித் திருப்பு. இன்னும் கொஞ்சம். ஓரத்துல நசுங்கி இருக்கா?

அது என் கிண்ணம். என் சமையக்கட்டுல இருந்த கிண்ணம். காணோம் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டு, கடைசியில வேலைக்கு வர்ற பொண்ணக் கேட்டுட்டேன். அவ அழுதுட்டு அன்னிக்கு நின்னவதான், மறுபடி வரவே இல்ல. அப்ப இந்த மனுஷன் எங்க இருந்தாரு? பக்கத்துலயேதான் இருந்தாரு. பேப்பருக்குப் பின்னாடியிலேர்ந்து, ஒரு கிண்ணம்தானே, போனாப் போகுது விடுன்னாரு. அடப்பாவி மனுஷா.

அப்ப அது என்ன அதுக்கு அடியில, பச்சையா? நாய் படுத்திருக்கே, அதுதான். அவரு துண்டு. கொடியிலேர்ந்து பறந்து போயிடுச்சுன்னாரு. காத்தே அடிக்காத நாள்ல பறந்த துண்டு.

தண்ணி குடு. இல்ல, அந்த டம்ளர்லயே குடு, பரவால்ல.

நீங்க ரெண்டு பேரும் ஓடிப்போன கொஞ்ச நாள்ல இதக் குட்டியா சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தாரு. வீடு வெறிச்சுன்னு இருக்கு, ஒரு உசுரு நடமாடினா நல்லா இருக்கும்னாரு. நானும் பாவம்னு விட்டேன். பொண்ணு போன துக்கத்துல மனுஷன் நாயத் தேடறாருன்னு நினைச்சேன். இப்பத்தானே புரியுது. நாய் வாங்கினதே வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு ஒரு சாக்கு. கையில வாரோட போறவர எங்க போறீங்கன்னு யாரு கேப்பா? கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே.

நீ சிரிக்காத. உனக்கு வேணா மாமா நல்ல மாமா. அன்னிக்கு நடுக்கூடத்துல, அவரு அண்ணன் தம்பி எல்லாரும் உக்காந்திருக்காங்க, இவரு எந்திரிச்சு நின்னு சொன்னாரு. நான் செத்தாக்கூட அவ வந்து பாக்கக்கூடாது, இது என் மேல சத்தியம்னு. நான் சொல்லல வாத்தியாரே. அவரு சொன்னாரு. நான் சுவத்த ஒட்டி நின்னு அழுதுட்டு இருந்தேன். உங்களுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு கேள்விப்பட்ட அன்னிக்குப் புடவைய மாத்திக்கிட்டு செருப்பக்கூடப் போட்டுட்டேன். இவரு வாசல்ல நின்னு என்னப் பாத்தாரு. பாத்தாருன்னா, ஒரு வார்த்தை பேசல. நான் செருப்பக் கழட்டிட்டேன். அவரு வாக்க நான் மீறக்கூடாதுன்னு கழட்டினேன். அன்னிக்கும் நாய் கையில இருந்துச்சு. எங்க போயிட்டு வந்து நின்னிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது.

ஏய் ஏய், குழந்தையப் பாரு. வாத்தியாரே, உனக்குக் கண்ணு எங்க இருக்கு? தவழ்ந்து வந்து நாய் காதப் புடிச்சு இழுக்குது பாரு. காது அதுக்குப் புண்ணு, போன மாசம்தான் மருந்து ஊத்தினேன், சீறிடும். சீறாதா? எப்பவும் இப்படித்தான் இழுப்பாளா? என்ன இருந்தாலும் நாய் நாய்தான். ஆளில்லாத நேரத்துல ரெண்டையும் ஒண்ணா விடாத. கையக் கழுவி விடு. சோப்பு போட்டு. அந்தக் கையத்தான் அடுத்து வாயில வைக்கும்.

இங்க எதுக்குக் கொண்டு வர? என்கிட்ட குடுக்காத. குடுக்காதன்னா... சரி, விழுந்துடப்போறா, விடு, நான் புடிச்சிருக்கேன். போய்ப் பாலக் கலந்து எடுத்துட்டு வா. வேற ஒண்ணும் நினைச்சுக்காத. நாய்கிட்டயிருந்து தள்ளி வச்சிருக்கேன், அவ்ளோதான்.

மூக்கு அவரு மூக்கு. பாவம், பொண்ணாப் பொறந்து இந்த மூக்கா வரணும்.

அது என் பையிலதான் அடிக்குது. அவரு போன்தான். என்கிட்ட இருக்கு, அதனால என்ன? ஒருத்தர் போன் ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடாதா? இந்த நாய் டாக்டர்தான். ஒரு வாரமா என் உசுர எடுக்கறாரு. ஊசி போடற தேதி வந்துடுச்சுன்னா ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னாப் போதாதா? காலைல, மத்தியானம், சாயங்காலம்னு அடிச்சுக்கிட்டே இருந்தா? வீட்டுல இருக்கற நிலைமையில நாய்க்கு ஊசி ஒண்ணுதான் குறைச்சலா? நானும் ஒவ்வொரு தடவையும் கட் பண்ணிட்டுத்தான் இருக்கேன். இந்தா, இதையும் பண்ணியாச்சு.

என்ன அப்படிப் பாக்கற? நீயே பாத்துக்க, நாய் டாக்டர்னு எழுதியிருக்கா இல்லையா?

நம்பரப் பாக்கணுமா? எதுக்கு?

யாரு நம்பரு?

அப்ப இந்த ஒரு வாரமா அவளா கூப்பிட்டுட்டு இருந்தா.

எனக்குத் தெரியாது. எழுதியிருக்கறதத்தானே நான் படிப்பேன். பொண்ணு நம்பர நாய் டாக்டர்னு போட்டு வச்ச ஆளக் கேளு. போய்க் கேளு. கேக்கத்தான் முடியாது.

உக்காரு நீ. பால் டம்ளரக் கீழ வை. வச்சுட்டு உக்காரு. அவரு இனிமே நாயக் கூட்டிட்டு வரமாட்டாரு. போன வாரமே எல்லாம் முடிஞ்சுது. மெயின் ரோட்டுல மருந்துக்கடை இருக்குல்ல, அந்தப் படிக்கட்டுல உக்காந்தாராம், அப்படியே சாஞ்சுட்டாராம். கடைக்காரங்கதான் ஆட்டோவுல ஏத்தி விட்டாங்க. எனக்குத் தகவல் வர்றதுக்கு முன்னாடி இது வந்துடுச்சு, வார ரோட்டுல இழுத்துட்டுத் தனியா. எங்கடா அவரு, எங்க விட்டுட்டு வந்தேன்னு இத ரெண்டு அடி அடிச்சேன்.

ஆமா, சொல்லல. மூத்தவன் வந்த உடனே கேட்டான், தங்கச்சிக்குச் சொல்லிடலாமாம்மான்னு. அவரு தம்பிங்க கேட்டாங்க. வேணாம்னேன். எல்லாருக்கும் முன்னாடி அடிச்சுச் சொன்னேன், அவரு சத்தியம் பண்ணியிருக்காரு, அவரு போன அன்னிக்கே நான் அத உடைக்கமாட்டேன்னு. எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க. தூக்கற வரைக்கும் நான் வாசலையே பாத்துட்டு இருந்தேன், எப்படியாவது கேள்விப்பட்டு வந்துடமாட்டாளான்னு. வந்திருந்தா நான் தடுத்திருக்கமாட்டேன். ஆனா நானாச் சொல்லி அனுப்பமாட்டேன். அவரு வாக்கு. அவரு வாக்கு! இங்க உக்காந்து பேத்திய மடியில வச்சுக்கிட்டு எனக்கு மட்டும் வாக்கு.

நீ அழுறத அப்புறம் அழு. குழந்தை பயப்படுது. எனக்கு ஒண்ணு சொல்லு. மைதானம் இருக்கறது எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எதுக்கு வந்தாரு, அந்த மருந்துக்கடையில அவருக்கு என்ன வேலைன்னு ஒரு வாரமா இதே யோசனைதான் எனக்கு. இப்ப வழி தெரிஞ்சுடுச்சு. ஆனா இங்க வர்றப்ப விழுந்தாரா, இங்கேர்ந்து போறப்ப விழுந்தாரா? அன்னிக்கு வந்தாரா அவரு? அது மட்டும் சொல்லு.

வந்தாரா.

அவ இருந்தாளா? லீவா அன்னிக்கு? அவளா காபி போட்டுக் குடுத்தா? நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாரா, போற வழியில மாத்திரை வாங்கிக்கறேன்னாரா? அவ கேட்டு வரைக்கும் வந்தாளா?

ம்.

அப்ப அவ பாத்துட்டா. கடைசியா அவரப் பாத்தது அவதான். நான் அன்னிக்குக் காலைல குனிஞ்சு நாய் முடியக் கூட்டிக்கிட்டு இருந்தேன். போயிட்டு வரேன்னு குரல் கேட்டுச்சு. நிமிரக்கூட இல்ல. முதல்ல அத வெளிய கூட்டிட்டுப் போங்க, வீட்டையே நாசம் பண்ணுதுன்னேன்.

அந்தத் துண்டத் துவைச்சுடாத. நாய் படுத்திருக்கற மாதிரியே இருக்கட்டும். ஒரு வாரமா ஒரு வாய் தின்னல அது, இங்க வந்துதான் தண்ணியே குடிக்குது.

அடிக்குது பாரு மறுபடியும். நாய் டாக்டர்.

இல்ல, நீ எடுக்காத. குழந்தைய வாங்கிக்க. நான் பேசறேன்.