ஞாயித்துக்கெழமைக்கு ஒரு கேள்வி

அட, அந்த நாற்காலி ஆடும்மா, இப்டி வந்து ஒக்காரு. சாரு வர இன்னும் அரமணி நேரம் கீது. புதுசா? ஊட்டுக்காருக்கு ஜப்பான்ல வேலையா? சரி சரி. ஜப்பான் பாஷ புக்கு வாங்கிட்டியா? மொத பக்கத்தத் தொற. பேனா படம் போட்டுகீதா? இத்த மூணு வாரம் நடத்துவாரு இந்த ஸ்ரீநாத் சாரு. கோரே வா நான் தெஸ்கா. இது இன்னா? இது பேனா. அது இன்னா? அது கொட. ஜப்பான்காரன் இன்னா கண்ணு தெரியாதவனா? பேனாவ கையில வச்சிகினு இது இன்னான்னு எவனாவது கேப்பானா? நான் திருமழிசையில ஒரு கம்பெனி காண்டீன்ல பதினாறு வருஷமா சமைக்கிறேன். எவனாவது இட்லியக் காட்டி இது இன்னான்னு கேட்டான், கரண்டியாலயே ஒண்ணு வெப்பா இந்த ஞானம்மா.

அப்பறம் அந்த கா. நீ எத்தச் சொன்னாலும் கடைசில ஒரு கா போட்டா கேள்வியாயிடுமாம். பெரிய கண்டுபுடிப்பு! வந்தியா, தின்னியான்னு நாம ஒரு ஆ போடல? இத்தச் சொல்லிக் குடுக்க ஒரு போர்டு, ஒரு மார்க்கரு, ஒரு ஏசி. ஏசியும் ஓடாது.

சிரிக்காத, இன்னும் கேளு. வயசு கேக்கக் கூடாதாம். சம்பளம் கேக்கக் கூடாதாம். சொந்த ஊடா, வாடக ஊடா, மூச்சு விடக் கூடாதாம். ஆனா பைய மாட்டிகினு கெளம்புறவங்கள, எங்க போறீங்கன்னு கேக்கலாமாம். அது மரியாதயாம்! கெளம்புறப்ப எங்கன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா? அதுக்கு பதிலு, தோ பக்கத்துலதான்னு சொன்னா போதுமாம். எங்கன்னு சொல்ல வேணாமாம். பதிலே வேணாம்னா எதுக்கு சார் கேக்குறான்னு கேட்டேன். அந்தாளு மொகத்த நீ பாத்திருக்கணும்.

நானா? ஜப்பானுக்குலாம் போவல. இந்த முட்டி வலிய வச்சிகினு, காண்டீன் வேல முடிச்சி காட்டுப்பாக்கம் வந்து இந்த மாடி ஏறுறதே பேஜாரா கீது. எம் பொண்ணு ரோஷினி அங்க வேலைக்குப் போயி, அந்தூருப் புள்ள ஒண்ணக் கட்டிகிச்சி. அந்தப் புள்ளயோட அம்மா எப்டியோ என் நம்பரப் புடிச்சி, ஆறு மாசமா ஞாயித்துக்கெழமயானா வீடியோல வந்துடும். அது நாலு தபா குனியும், நானும் நாலு தபா குனிவேன். கழுத்து வலிதான் மிச்சம். நாளைக்கும் வரும். அதுக்குள்ள ஒரே ஒரு கேள்வி கத்துக்கணும், அதான் சீக்கிரமா வந்து குந்திகினுகீறேன்.

பொண்ணையே கேக்கலாமேவா? கேக்கலாம், கேக்கலாம். நீ தண்ணி குடி.

போன வாரம் இன்னா ஆச்சி தெரியுமா? அந்தம்மா மஞ்ச நூலுல இன்னாவோ பின்னிகினே பேசிச்சி. திடீர்னு பின்னுனத்தத் தூக்கிக் காட்டிச்சி. குல்லா. இம்மாத்தூண்டு. என் உள்ளங்கையில அடங்கிடும். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயி தானா, கோரே வா நான் தெஸ்கான்னு கேட்டுடுச்சி. கண்ணு தெரியாதவ மாதிரி. அந்தம்மாக்கு ஒரே சந்தோசம், கை தட்டுது. அஞ்சு நிமிசம் பதிலு சொல்லிச்சி. ஒரு எழுத்து புரியணுமே! கேக்க மட்டும் சொல்லிக் குடுத்துட்டா ஆச்சா? பதிலு வந்தா இன்னா பண்ணுறதாம்? இதான் இந்த சாரு லட்சணம். நடுவுல ரோஷினின்னு ஒரு வார்த்த, அது மட்டும் காதுல வுழுந்துச்சி. அந்தம்மா பின்னாடி கதவு கொஞ்சமா தொறந்திருந்துச்சி. யாரோ நிக்கிறாப்புல நெழலு. முன்னாடி வரல.

வராதும்மா. ரெண்டு வருசம் முன்ன, இப்டி ஒருத்தரக் கட்டிக்கப் போறேம்மான்னு போன் போட்டுச்சி. யாரு, எப்டிப்பட்டவரு, நீ நல்லா கீறியான்னு ஒரு வார்த்த நான் கேக்கல. இனிமே என்ன அம்மான்னு கூப்புடாதன்னு சொல்லி வச்சிட்டேன். அதுவும் கூப்புடல. சொன்ன பேச்சக் கேக்குது. பொறந்ததுலருந்து அந்த ஒரு தபாதான் கேட்டுகீது.

தோ, படில ஷூ சத்தம். அந்தாளுதான். ஏம்மா, ஒரு ஒத்தாச பண்ணு. எத்தினி மணி, எத்தினி ரூபாலாம் புக்குல கீது. எத்தினி மாசம்னு எப்டி கேக்குறதுன்னு சாரக் கேளேன். வயித்துல எத்தினி மாசம்னு. உனக்குக் கேக்குறாப்புலயே கேளு. இத்தினி நாளா அந்தாளக் கிழிகிழின்னு கிழிச்சிட்டு, நான் எந்த மூஞ்ச வச்சிகினு கேக்குறது?