தலைப்பு சரியில்லை

தலைப்புகளில் விளம்பர வாடை அடித்தால் எனக்குப் பிடிக்காது. பதினெட்டு வருஷம் கீழ்வேளூர் அச்சகமொன்றில் பிழை திருத்தியவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் விசா ஏஜென்டைப் பற்றித்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2006இல் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதே வருஷம் அம்மாவும் போய்விட்டார். வீட்டில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நம் பக்கத்துக்காரர்கள் கேள்வி கேட்கும் இணையக் குழு ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கேள்வி ஒழுங்காக இருந்தால் வெளியிடுவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன்.

வலங்கைமானிலிருந்து வானதி என்கிற பெண் அனுப்பிய தலைப்பு: ‘ஏழே நாளில் விசா! வாழ்க்கையே மாறும்! நம்பலாமா?’ ஏஜென்டின் நோட்டீஸை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். கணவர் சூர்யபிரகாஷுக்கு வளைகுடாவில் வெல்டர் வேலையாம். பதினைந்து நாளில் கிளம்ப வேண்டுமாம். விளம்பர மொழி கூடாது என்று திருப்பினேன். விதி அதுதான்.

மறுநாளே திருத்தி அனுப்பினார். கூடவே ஒரு வரி: ‘இப்ப சரியா இருக்குங்களா எல்வின் சார்? உங்களுக்குச் சிரமம் குடுக்குறேன், கோச்சுக்காதீங்க.’

புதுத் தலைப்பில் ஒரு குறையும் இல்லை. இன்னும் சுருக்கமாக வேண்டும் என்று எழுதித் திருப்பினேன். அடுத்த முறை, ‘சாப்டீங்களா சார்?’ என்றும் கேட்டிருந்தார். அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேலும் நான்கு முறை திருப்பினேன்.

அதே ஏஜென்டை நம்பிப் போனவர்களின் கடிதங்கள் மூன்று அப்போதே என்னிடம் இருந்தன. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பாலைவனத்தில் ஆடு மேய்க்க விடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை அதிகம் என்பதால் வெளியிடவில்லை. ஆனால் படித்திருந்தேன். வானதிக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பதில் கிடைத்துவிட்டால் அப்புறம் அவர் எனக்கு ஏன் எழுதப்போகிறார்?

ஏஜென்ட் சொன்ன தேதியில் சூர்யபிரகாஷ் விமானம் ஏறினார். ஏழாம் மாதம் பெட்டியில் வந்தார். வெயிலில் விழுந்து கிடந்தவரை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்களாம்.

போன வாரம் காலையில், குழுவின் பக்கத்திலிருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வானதி வந்தார். சின்னப் பெண். என் வீட்டில் ஒரு டம்ளர்தான் புழக்கத்தில். இன்னொன்றைத் தேடிக் கழுவிக் காபி போட்டேன். அவர் அதைத் தொடவில்லை.

“கொறை சொல்ல வரல சார். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். தலைப்ப நான் ஒழுங்கா எழுதியிருந்தா யாராச்சும் வேணாம்னு சொல்லியிருப்பாங்களா?”

“சொல்லியிருப்பாங்கம்மா” என்றேன்.

அழுதார். தப்பு தன்னுடையதுதான் என்றார். நான் மறுக்கவில்லை. ஆறுதல் தேடியாவது மறுபடி வருவார் என்று இருந்தது எனக்கு.