பச்சை ஜோடியும் ஆரஞ்சு ஜோடியும்

மாத்திப் போட மாட்டேன், பாப்பா. இன்னொரு தடவை கேக்காத. வேணும்னா இதை வெட்டி எறிஞ்சுட்டு, கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கோ. கடை மூடியிருக்கா? அதுக்கு நான் என்ன பண்றது? நாளைக்கு நெட்வொர்க் பரீட்சைன்னு தெரியுதில்ல, முன்னாடியே ஒண்ணு வாங்கி வச்சிருக்கணும்.

இந்தக் கேபிள்ல என்ன குறை, சொல்லு. எட்டு ஒயரு. இந்த முனையில என்ன வரிசையோ அந்த முனையிலயும் அதே வரிசை. நிறத்துக்கு நிறம். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் கேபிள்ல ஜாயிண்ட் போட்டவன் நான். ஒரு குழிக்குள்ள எறங்கினா எண்ணூறு ஜோடி. ஒரு ஜோடி மாறினதில்ல. நான் மூடின ஜாயிண்டை எந்த அதிகாரியும் திறந்து பாத்ததில்ல. திறந்தா அவனுக்குத்தான் அவமானம்னு அவனுக்கே தெரியும்.

ரூட்டர்ல பச்சை லைட் எரியலைன்னா கேபிள் மேல பழி போடுவியா? உன் ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ரூட்டருங்க இது ரெண்டும். உங்கம்மாவுக்குத் தெரியாம என் பின்கட்டு ரூமை லேபா மாத்திட்டு, ஒரு மாசமா அதுங்க உறுமறதைக் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடக்கறேன் நான்.

நீ சொன்னது புரியாம இல்ல. அதுக்குப் பேசறதுக்கு ஒரு ஜோடி ஒயரு, கேக்கறதுக்கு ஒரு ஜோடி. இத்தனை நாளா நடுவுல ஒரு ஸ்விட்ச் பெட்டி இருந்துது, அது மாத்தி வாங்கிக் குடுத்துச்சு. இன்னைக்கு அது செத்துப் போச்சு. இப்ப ரூட்டரும் ரூட்டரும் நேருக்கு நேர். வாய்க்கு நேரா வாய், காதுக்கு நேரா காது. ரெண்டும் கத்தும், எதுவும் கேக்காது. எங்க சங்கத்துக் கமிட்டி மாதிரி. சிரி, சிரி. புதுப் பெட்டின்னா தானா சரி பண்ணிக்கும், இது பழசு. அதனால ஒரு முனையில பச்சை ஜோடியையும் ஆரஞ்சு ஜோடியையும் எடம் மாத்தணும். புரிஞ்சுது. புரிஞ்சுட்டா செஞ்சாகணும்னு சட்டமா?

ஆமா, கோவம்தான். கேபிளுக்கு இல்ல. நீ சொன்னியே, அதுக்கு. எங்கப்பா இருந்தா ஒரே நிமிஷத்துல மாத்திப் போட்டிருப்பாரு மாமா, அதுக்குத்தானே அவருக்கு வேலையே போச்சுன்னு. வெளையாட்டுக்குச் சொன்னியாம். செத்து எட்டு வருஷமாச்சு அந்த மனுஷன். உன் ஆபீஸ்ல அப்பா என்ன பண்ணாருன்னு கேட்டா வாட்ச்மேன்னு சொல்ற. போன்ல சொன்னதைக் கேட்டேன், என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. வாட்ச்மேன் ஆகறதுக்கு முன்னாடி அவன் என் கூட்டாளி. குழிக்குள்ள நான், மேல அவன். வேலையைப் பாத்துட்டுத்தான் அவனுக்கு என் தங்கச்சியைக் குடுத்தேன்.

உக்காரு. அவனுக்கு வேலை போன அந்த டெலிபோன் ஸ்ட்ரைக்கைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் அடிச்ச நோட்டீஸ்ல இருந்ததுதானே. நாப்பத்திமூணு நாள் நடந்துது. இருபதாம் நாளே ஆளுங்க சோர்ந்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் தெருமுனைக் கேபிள் பெட்டியில எட்டு லைன் மாறிப் போச்சு. மீன் கடைக்கு வர்ற போனெல்லாம் பெரிய அதிகாரி வீட்டுல அடிக்குது. அவரு வீட்டம்மா எடுத்தா, நண்டு வந்துதான்னு கேக்கறாங்க. ஊரே சிரிச்சுது. செத்துக் கெடந்த ஸ்ட்ரைக்கு எழுந்து உக்காந்துது.

ஆனா அந்த எட்டுல ஒண்ணு பிரசவ டாக்டரம்மா லைன். அதைக் கவனிச்சவன் உங்கப்பன்தான். சங்க ஆபீசுக்கு ஓடி வந்தான். மச்சான், வலி எடுத்தவ வீட்டுல போன் பண்ணா மரக்கடைக்காரன் எடுப்பான், அந்த ஒண்ணையாவது நேர் பண்ணிடுவோம்னான். செயலாளர் என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு வர்க்கமே போராடும்போது ஒரு டாக்டர் போன் பெரிசில்லைன்னாரு. செயலாளர் யாரா? நான்தான், வேற எவன்?

மறுநாள் காலையில உங்கப்பனைப் பிடிச்சுட்டாங்க. பெட்டி திறந்திருக்கு, கை உள்ள இருக்கு. நாசவேலைன்னு டிஸ்மிஸ். சங்கம் அவனைக் கை கழுவினாத்தான் பேச்சுவார்த்தைன்னுது நிர்வாகம். கழுவினேன். ஒரே பக்கம், ஒரு அச்சுப்பிழை இல்ல. அந்தத் தனிநபரின் இழிசெயலுக்கும் இயக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தங்கச்சி புருஷன் எனக்குத் தனிநபர். பேரைப் போடாதது மரியாதைன்னு நெனச்சேனோ என்னவோ. ரெண்டாயிரம் பிரதி. ஜெயிச்சோம். அவனைத் தவிர எல்லாரும் திரும்ப வேலைக்கு உள்ள போனோம். எனக்கு மாலை போட்டாங்க. அன்னைக்கு என்கூடப் பேச்சை நிறுத்தினவதான் உங்கம்மா.

அவன் எதையும் யார்கிட்டயும் சொல்லலை. உங்கம்மாகிட்டகூட. ஏண்டா பேசாம இருக்கன்னு அவன் வாட்ச்மேனா இருந்த பிளாஸ்டிக் கம்பெனி வாசல்ல நின்னு கேட்டேன் ஒரு நாள். நான் பேசினா உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வந்துடுவீங்க மச்சான்னான். கேட்டைச் சாத்தணும், கையை எடுன்னான்.

கொண்டா அந்தக் கேபிளை. கத்தரியைக் குடு. வெட்டியாச்சு. ஒண்ணாவது எடத்துல வெள்ளைப்பச்சை, ரெண்டுல பச்சை, மூணுல வெள்ளை ஆரஞ்சு, ஆறுல ஆரஞ்சு. மத்ததெல்லாம் இருந்த எடத்துலயே. அந்தக் கொறடு எங்க? ம், நசுக்கியாச்சு.

என்ன பாக்கற? கண்ணாடிகூடப் போடாம எப்படி இவ்வளவு சீக்கிரம்னா? கைக்குப் பழக்கம்தான். அன்னைக்கு எட்டு லைனும் மாத்த எனக்கு ஆறு நிமிஷம்தான் ஆச்சு. உங்கப்பன் மறுநாள் கையை விட்டது டாக்டரம்மா லைனைத் திருப்பிப் போடறதுக்கு. ஒரு ஒயரைச் சேத்துட்டான், இன்னொண்ணு கையில இருந்துது, அப்பத்தான் பிடிச்சாங்க.

இந்தா, இந்த முனையைச் சொருகு. ஏன், வாங்க மாட்டேங்கற? விடு, நானே சொருகறேன்.

எங்க போற? பையை ஏன் எடுக்கற? பச்சை வந்துடுச்சு, பாப்பா. ரெண்டு பக்கமும் வந்துடுச்சு, பாரு.