ஏழு முப்பத்தெட்டில் இடப்பக்கம்

காலை வண்டியில் ஒருவர் எங்கே இறங்குவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சாகேப். கையைப் பார்க்கவேண்டும். இறங்குவதற்கு இரண்டு ஸ்டேஷன் இருக்கும்போதே பாஸ் இருக்கிறதா என்று கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். பிறகு மேல்தட்டில் கிடக்கும் பையின் வாரைத் தேடும். இருபத்தொரு வருடம் நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். விரார்–சர்ச்கேட் பாஸ்ட், ஏழு முப்பத்தெட்டு, முன்னாலிருந்து நாலாவது பெட்டி.

என் வீடு நாலாசோப்ராவில். அங்கே ஏறினால் நிற்கவே இடம் கிடைக்காது. அதனால் எல்லாரையும் போல நானும் முதலில் எதிர்த்திசையில் விராருக்குப் போய், அங்கிருந்து உட்கார்ந்தபடி வருவேன். ஜன்னலோரம், கதவுக்குப் பக்கத்து வரிசை. போரிவலியில் காலியாகிற இடம் யாருக்கு, அந்தேரிக்கு முன்னால் யார் எழுந்து யாரை உட்காரவைப்பது, இதெல்லாம் என் ஏற்பாடு. யாரும் என்னை நியமிக்கவில்லை. கேட்டார்கள், சொன்னேன். இறங்குகிறவர்களும் கேட்பார்கள், இன்று பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று. அதையும் சொன்னேன். தசராவுக்குப் பெட்டியில் மாலை கட்டிப் பூஜை போடும்போது தேங்காயை என் கையில்தான் கொடுப்பார்கள்.

தன்மய் ராவுத் போன வருடம் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வயது, அந்தேரியில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். தனக்கு வந்த இடத்தை, களைத்திருக்கிறவர் யாரென்று பார்த்து அவருக்குக் கொடுத்துவிடுவான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். பிறகு கதவில் போய் நின்றுகொள்வான். பை நெஞ்சில், ஒரு கால் வெளியே. வண்டி நிற்பதற்கு முன்னால் குதித்து இறங்குகிற ரகம்.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை, பயந்தர் தாண்டியதும், பெட்டியில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி, காகா என்று அவன் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"காகா, வெள்ளிக்கிழமை எனக்கு சர்ச்கேட் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு. கடைசி வரைக்கும் வந்தேன். நீங்க வண்டிய விட்டு இறங்கவே இல்லையே? அப்படியே திரும்பிப் போனீங்க."

ஏதோ மறந்துவிட்டேன் என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. உங்க ஆபீஸ்ல ஒருத்தரைத் தெரியும், கேட்டேன். நீங்க ரிட்டயராகி ரெண்டு வருஷமாச்சாமே! வேலைக்குப் போறவன் ஒத்தைக் கால்ல நிக்கிறான், வேலையே இல்லாதவர் ஜன்னல் சீட்ல உக்காந்து எங்களை எண்ணிட்டு வர்றாரு."

எதிரே இருந்த கிரித்பாய், என்னோடு பதினாறு வருடமாக வருகிறவர், வாயில் இருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "விடுப்பா. காகா வீட்டுல டி.வி. இல்ல. நம்மளத்தான் பாத்துட்டு இருக்காரு."

கதவு வரைக்கும் சிரிப்பு போயிற்று. பின்னால் இருந்தவர்கள் என்னவென்று கேட்டு, தெரிந்துகொண்டு, அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. மனைவி போய் நாலு வருடமாகிறது. காலை எட்டு மணிக்கு நான் வீட்டில் உட்கார்ந்து யாரைப் பார்ப்பது, சுவரையா? பாஸைப் புதுப்பித்துக்கொண்டேன். அது குற்றமென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு பதினேழு நாள் நான் ஒன்றுமே செய்யவில்லை. அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தேரி நெருங்கும்போது வலது கையால் கம்பியைப் பிடித்து, எவ்வளவு தூரம் வெளியே சாய்கிறான் என்று பார்த்தேன். தோளுக்குக் கீழே எல்லாம் வெளியேதான் இருக்கும். கூட இறங்குகிற மற்ற ஏழு பேர் அப்படியில்லை. அவர்கள் வண்டி நின்றால்தான் காலைத் தூக்குவார்கள். அவர்களையும் நெடுநாளாகப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் கொட்டுகிற மழை. ஜன்னல் எல்லாம் இறக்கியாகிவிட்டது. கதவை ஒருகை அகலம் விட்டுச் சாத்தியிருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. போரிவலி விட்டுக் கொஞ்ச நேரத்தில் சக்கரம் தடதடவென்று தடம் மாறியது. பாஸ்ட் வண்டியை ஸ்லோ தடத்தில் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால் அந்தேரியில் பிளாட்பாரம் வலப்பக்கம் வரும். ஒருவர் பேப்பர் படித்தார், இரண்டு பேர் சீட்டு ஆடினார்கள், கிரித்பாய் தூங்கினார். கேட்டது எனக்கு மட்டும்தான்.

ஜோகேஸ்வரி தாண்டியதும் தன்மய் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எட்டிக் கேட்டான். அந்தச் சிரிப்பெல்லாம் அவனுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது.

"காகா, இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"இடது" என்றேன்.

"தேங்க்ஸ் காகா" என்று சொல்லிவிட்டு இடப்பக்கக் கதவுக்குப் போனான். மற்ற ஏழு பேரும் போனார்கள். கதவைத் தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டது. பிளாட்பாரம் வருகிறதா என்று பார்க்க அவன் வழக்கம்போல் சாய்ந்திருப்பான். முகத்தில் மழை அடித்திருக்கும். பக்கத்துத் தடத்தில் எதிர் வண்டி வந்தது. நான் நினைத்தது போலவே மற்ற ஏழு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும், சாகேப். நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் இல்லை.

இதுவரை யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. உங்கள் ஹவல்தார் மறுநாளே பெட்டியில் எல்லாரையும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நேற்று வண்டியில் கிரித்பாய் என் தோளில் கை போட்டார். ஆறுதல் சொல்கிறாராம். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க காகா. உங்க வயசுக்கு இது சகஜம். காது முன்ன மாதிரியா இருக்கும்? தெரியாம நடந்துபோச்சு, யாரும் உங்களைத் தப்பா நினைக்கல." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அந்தேரி வந்தது. இறங்குகிறவர்கள், எந்தப் பக்கம் என்று, மூன்று மாதம் முன்னால் வந்து சேர்ந்த ஒருத்தனிடம் கேட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் சரியாகச் சொன்னான். சரியாகச் சொல்ல என்ன இருக்கிறது, மழையே இல்லாத நாளில்?

ஹவல்தாரின் தாளில், முதியவர் கவனப்பிசகாகத் தவறான பக்கத்தைச் சொன்னதால் விபத்தில் மரணம் என்று இருக்கிறதாம். அதை அடித்துவிடுங்கள். தடம் மாறியது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. பிளாட்பாரம் வலப்பக்கம் என்று தெரியும். அவன் சாய்வான் என்று தெரியும். எதிர் வண்டி அந்த நேரத்துக்கு வரும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் இடது என்று சொன்னேன்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? இதில் ஒரு நகல் கிரித்பாய்க்குக் கிடைக்குமாறு செய்யுங்கள். பெட்டியில் அவர் எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கட்டும். இந்தப் பெட்ணேகர் காகாவுக்குக் காது நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்தால், அவர்கள் மறுபடி என்னிடம்தான் கேட்பார்கள்.