கவிழப் பழகுதல்

வோபர்ன் நிறுத்தத்தில் பஸ் ஏறிய பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். தலை ஈரம். கூட வந்த தங்கையிடம் சொன்னார்:

"இண்டைக்கு ஆறுதரம் கவிண்டனான்."

"எங்கை அக்கா?"

"நீச்சல் குளத்திலை. ஆர்க்டிக் கடலிலை கயாக் எண்ட சின்ன வள்ளம் ஓட்டப் போறவை முதல் கவிண்டு எழும்பப் பழகவேணும். பிறகு பத்து நாள் கரையிலை கூடாரம்."

"அத்தான் விடுறாரோ?"

"ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்கிறதெண்டு ஃபோமிலை கேட்டிருந்தது. அவரின்ரை பேரைப் போட்டன். அதை வெட்டச் சொல்லிப்போட்டார்."

"கோவமோ?"

"இல்லை. அப்பிடியொரு செய்தியை வீட்டிலை இருந்து கேக்க ஏலாதாம். தானும் வாறாராம்."

"ஐயோ, அத்தானுக்கு நீந்தவே தெரியாதே!"

"ஓம். நாளைக்குத்தான் முதல் வகுப்பு."

பையிலிருந்து புது நீச்சல் காற்சட்டை ஒன்றை எடுத்து, பஸ் முழுக்கத் தெரியும்படி விரித்துப் பிடித்தார்.

"இது அவருக்கு அளவு காணுமோ?"