இனிப்புக்கு ஏற்ற ஒயின்

கேக்கைவிட ஒயின் ஒரு பிடி கூடுதலாக இனிக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஒயினும் புளித்துப்போனது மாதிரித் தெரியும். இது என் தம்பி சொல்லிக்கொடுத்தது. எனக்கு மாவு தெரியும், அடுப்புத் தெரியும். எதற்கு எந்த ஒயின் என்பது அவன் நாக்குக்குத்தான் தெரியும்.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் எங்கள் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒவ்வொரு பரிசுப் பெட்டியிலும் இனிப்பும் அதற்குப் பொருத்தமான ஒரு பாட்டிலும் இருக்கும். இஞ்சி பிஸ்கட்டுக்குத் தேன் நிற ஒயின். கறுப்புச் சாக்லேட்டுக்குக் கெட்டியான சிவப்பு. எல்லாம் அவன் தேர்வு.

ஐயா, அவன் குடியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், குடித்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். விழுந்த இடத்திலிருந்தெல்லாம் தூக்கி வந்தவளும் நான்தான். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி வந்த ஒருவர், சோபாவில் அவன் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்; பிறகு வரவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஈரல் கெட்டது. இனி ஒரு சொட்டுச் சாராயம் உள்ளே போனாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி அவனைத் தேற்றினாள். அவளையே கட்டிக்கொண்டான். நான் வருஷக்கணக்கில் கெஞ்சியும் விடாத குடியை அவள் ஒரு பார்வையில் நிறுத்திவிட்டாள். எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன்.

கடையில் ருசி பார்ப்பதை மட்டும் அவன் விடவில்லை. வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்தில் உள்ள பீங்கான் பாத்திரத்தில் துப்பிவிடுவான். பாத்திரத்தை வைப்பதும் கழுவுவதும் என் வேலை.

இந்த வருஷம் விடுமுறை வியாபாரம் தொடங்கியபோது ஒரு நாள் சொன்னான். "அக்கா, இந்த சீசன் முடிஞ்சதும் நாங்க கிளம்புறோம். அவளுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. இனிமே நீ என்னை நெனச்சுக் கவலைப்படவே வேண்டாம்."

எனக்கு விடுதலை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னான்.

மறுநாள் நான் பாத்திரத்தை வைக்கவில்லை.

மறக்கவில்லை. கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். வாஷ்பேசினை மாவு அப்பிய தட்டுகளால் நிரப்பினேன். பாதாம் பிஸ்கட்டையும் பழுப்பு ஒயினையும் நீட்டினேன். கொப்பளித்துவிட்டு, உப்பிய கன்னத்தோடு கண்ணால் தேடினான். தரையில் துப்பியிருக்கலாம். என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான். நான் அப்படி வளர்க்கவில்லை.

"முழுங்கிடுடா. ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது," என்றேன். சின்ன வயதில் அவனுக்கு மருந்து கொடுப்பேனே, அதே குரலில்.

விழுங்கினான். காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினான்.

"சரியாப் புரியலக்கா. இன்னொரு வாய் குடு."

கொடுத்தேன். அதன் பிறகு நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நாளுக்கு நாள் இனிப்பைக் கூட்டினேன், அவ்வளவுதான். அதற்கு ஈடான ஒயினை அவனே தேடிக்கொண்டான். வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் பெப்பர்மின்ட் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு நாள் அவன் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணி, அவர் மறுபடியும் குடிக்கிறாரோன்னு பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"கடையில என் கண்ணு முன்னாடிதாம்மா இருக்கான்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சீசன் முடிவதற்குள் படுக்கையில் விழுந்தான். அவர்கள் பயணம் நின்றது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போயிடாதக்கா," என்றான். நான் போகவில்லை. மனைவி வெளியே வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். அவன் வாயைத் துடைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு நிற்கும்வரை நான்தான் இருந்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குக் களைப்பே தெரியவில்லை.

அவனைக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கீழே இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவனை என்னைப் போல வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.